இடப்பக்கத்துக் கால்

தார்ப்பாய் வாலை மூடினால் மூக்கு தெரிந்தது. மூக்கை மூடினால் வால் தெரிந்தது. கர்ணன் மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றான்.

"இன்னொரு பாய் இருக்கா மதினி?"

பவுனு வீட்டுக்குள் போய், மழைக்கு மாட்டுத் தீவனத்தை மூடுகிற நீலப் பாயை எடுத்து வந்தாள். இரண்டு பேருமாக அதை வால் பக்கம் விரித்து, காற்றுக்குத் தூக்காமல் நான்கு செங்கல் வைத்தார்கள். நேற்றுச் சாயங்காலம் நாலரை மணிக்கு அவள் புருஷன் ஈஸ்வரபாண்டியின் நெஞ்சில் சாய்ந்த விமானம் அது. அவர் இப்போது கம்பத்தில் பிணவறையில் கிடந்தார். அறுத்துப் பார்க்க டாக்டர் பத்து மணிக்கு வருவார் என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு முன்னால் இடத்தைப் பார்க்கப் போலீஸ் வரும். வருவதற்குள் விமானம் என்று ஒன்று இங்கே இருந்ததே தெரியக்கூடாது என்பது கொழுந்தன் கர்ணனின் முடிவு.

விமானம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓர் ஆள் உட்காருகிற கூடு. மெல்லிய இரும்புக் குழாயை வளைத்து, ஒட்டவைத்து, முன்னால் ஒரு பழைய கார் இன்ஜினை ஏற்றியிருந்தார். காமயகவுண்டன்பட்டிக்கு மேற்கே, தன் திராட்சைத் தோட்டத்து வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் ஆறு வருஷமாக அது வளர்ந்துகொண்டிருந்தது. அவர் தொழில் எரிந்துபோன பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுவது. ஊர் அவருக்கு வைத்த பெயர் பைலட். "பைலட்டு, மோட்டாரு ஓடலப்பா, பறந்து வாங்க" என்று போனிலேயே கேலி செய்வார்கள். அவரும் சிரித்துக்கொண்டு டிவிஎஸ்ஸில் போய்ச் சேருவார். ஆறு வருஷத்தில் அந்தக் கூடு தரையைவிட்டு ஒரு சாண் எழும்பவில்லை. எழும்ப இறக்கை வேண்டும். இறக்கை மாட்டுவதற்கு முன்னால் அது தன் காலில் நிற்க வேண்டும். அந்தக் கால் மாட்டுகிற வேலைதான் நேற்று நடந்தது.

கூட்டை ஸ்டாண்டோடு சுவரோரம் தள்ளியாயிற்று. பக்கத்துத் தோட்டத்து வெல்டர் முத்துராஜாவும் இன்னும் இரண்டு பேரும் ஒரு டிராக்டர் டிரெய்லரைத் தள்ளிக்கொண்டு வந்து, அவர் விழுந்து கிடந்த அதே இடத்தில் நிறுத்தினார்கள். ஒரு சக்கரத்தைக் கழற்றிப் பக்கத்தில் சாய்த்தார்கள். ஜாக்கியைக் கவிழ்த்துப் போட்டார்கள். கீழே கிடந்த உடைந்த பிளாஸ்டிக் துண்டுகளை முத்துராஜா காலால் ஒதுக்கிவிட்டான். பார்த்தால் டிரெய்லர் விழுந்த இடம் மாதிரியே இருந்தது.

"இங்க பாருங்க மதினி." கர்ணன் குரலைத் தாழ்த்தினான். இரவெல்லாம் அழுததில் அவன் கண் இரண்டும் வீங்கிக் கிடந்தன. "பிளேன் செஞ்சாருன்னு சொன்னோம்னு வைங்க, யாரு பர்மிசன் குடுத்தான்னு நோண்டுவாக. கேரளா பார்டரு, பக்கத்துல டேமு. மேலருந்து ஆளு வருவாக. அதுகூடப் பரவால்ல. மொபைலத் தூக்கிக்கிட்டு வருவாங்க பாருங்க, அவங்களத்தான் தாங்க முடியாது. எங்க அண்ணன் செத்தத வீடியோவாப் போட்டு, அதுக்குக் கீழ சிரிக்கிற பொம்மையாப் போடுவாங்க. இருந்தவரைக்கும் சிரிச்சது பத்தாதா? அவரு பெத்த மக சிம்ரன் அதப் பாக்கணுமா?"

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஊர் வாய்க்கு யார் மூடி போடுவது? 

"ஸ்பிரிங் பட்டையக் கழட்டும்போது ஜாக்கி நழுவி டிரெய்லர் விழுந்துச்சு. அம்புட்டுத்தான். பக்கத்துல இருந்தது நீங்க. உங்களத்தான் கேப்பாக. சொல்லீருவீகளா?"

"சொல்றேன்" என்றாள் பவுனு.

கர்ணன் கொஞ்சம் திகைத்துப் போனான். அவள் அழுவாள், மாட்டேன் என்பாள், ஆறு வருஷம் அவுக பாடுபட்டதை மூடி மறைக்கவா என்று சண்டைக்கு வருவாள் என்று அவன் தயாராக வந்திருந்தான். அவனுக்குத் தெரியாது. டிரெய்லர் என்றால் ஜாக்கி. ஜாக்கி இருந்தால் பெட்டி கிடையாது. பெட்டி இல்லையென்றால் பெட்டியை எடுத்துக் கொடுத்தவளும் இல்லை. அவன் டிரெய்லர் என்று வாயெடுத்த நொடியிலேயே அவள் மனசு இவ்வளவு தூரம் ஓடிவிட்டது. ஓடிப் போய் அங்கே ஆறுதலாக உட்கார்ந்தும் விட்டது. புருஷனைப் பிணவறையில் போட்டுவிட்டு இப்படி ஓர் ஆறுதல் ஒருத்திக்கு வருமா? அவளுக்கு அவளையே பிடிக்கவில்லை.

பெட்டிக் கதை இதுதான்.

கூட்டை நிறுத்தி வேலை பார்க்க ஈஸ்வரபாண்டி ஓர் இரும்பு ஸ்டாண்டு செய்து வைத்திருந்தார். விமானத்தின் கால்களுக்குப் பழைய லாரி ஸ்பிரிங் பட்டை வாங்கி, தேனியில் ஒரு பட்டறையில் கொடுத்து வளைத்து வாங்கியிருந்தார். வந்த பிறகு பார்த்தால், அவர் நினைத்ததைவிடக் கால் ஒரு சாண் நீளம். ஸ்டாண்டு மேல் கூடு இருந்தால், போல்ட்டு ஓட்டைக்குப் போவதற்கு முன்பே சக்கரம் தரையில் இடித்தது. புது ஸ்டாண்டு செய்ய இரண்டு நாள் ஆகும். மகள் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். ஸ்டாண்டுக்கும் கூட்டுக்கும் நடுவில் எதையாவது வைத்து உயர்த்தினால் ஒரு மணி நேரத்து வேலை.

"பவுனு, பழப்பொட்டி நாலு எடுத்தா."

கூடத்தில் நாற்பது புதுப் பிளாஸ்டிக் பெட்டிகள் அடுக்கியிருந்தன. வியாழக்கிழமை பழம் வெட்டு. போன வெட்டின்போது அவர் இதே மாதிரி மூன்று பெட்டியை எடுத்துப் போய், கிரீஸைப் பூசித் திருப்பி வைத்தார். பழத்தில் எண்ணெய் வாடை அடிக்கிறது என்று வியாபாரி பாதிப் பழத்தைக் கழித்துவிட்டுப் போனான். பவுனு வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள். அவருக்கு அது மறந்துபோயிற்று. அவளுக்கு எப்படி மறக்கும்? புதுப் பெட்டிகளைத் தாண்டிப் போனாள். பம்ப்செட் அறைக் கூரை மேல் கிடந்த பழைய பெட்டிகளில் நாலை இழுத்துப் போட்டாள்.

அவை இரண்டு கோடை வெயில் தின்றவை. சிவப்பு நிறம் போய் ஈறு மாதிரி வெளுத்திருந்தன. சித்திரையில் பழம் வெட்ட வந்த மாரீஸ்வரி ஒரு பெட்டி மேல் ஏறி நிற்க, கால் அப்படியே உள்ளே போய்க் கெண்டைக்கால் கிழிந்தது. இனி இது ஆகாது என்று கூரையில் தூக்கிப் போட்டதே பவுனுதான். தெரிந்தேதான் எடுத்தாள். உடையும் என்று நினைத்தா எடுத்தாள்? இல்லை. கிரீஸ் பட்டுக் கெட்டுப் போனால் போகட்டும் என்று நினைத்து எடுத்தாள்.

"வெயில்ல கெடந்ததா இது?" அவர் பெட்டியை வாங்கிக்கொண்டே கேட்டார்.

"இல்ல. கூடத்துல இருந்ததுதான்."

"வெளுத்துல்ல இருக்கு?"

"கழுவிக் கழுவி வெளுத்துருச்சு. புடிங்க சீக்கிரம், அடுப்புல பாலு கெடக்கு."

இருபத்து மூன்று வருஷத்தில் அவள் கையால் கொடுத்த எதையும் அவர் சோதித்துப் பார்த்ததில்லை. அடுக்கிக்கொண்டார். வலப்பக்கத்துக் கால் நல்லபடியாக மாட்டிவிட்டது. நாலு போல்ட்டையும் முறுக்கிவிட்டுப் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினார். இடப்பக்கத்துக் கால்தான் அடம்பிடித்தது. காலில் இருந்த ஓட்டையும் கூட்டில் இருந்த ஓட்டையும் அரை நூல், நகக்கனம்தான், தள்ளி நின்றன. மகளுக்கு அதையும் மெசேஜ் போட்டுவிட்டு மல்லாந்து படுத்து, உருண்டை அரத்தை விட்டுத் தேய் தேய் என்று தேய்த்தார். போல்ட்டு நுனி மட்டும் நுழைந்தது. சுத்தியலை எடுத்துத் தட்டினார். மூன்றாவது தட்டில் பெட்டி சடக்கென்றது. வலப்பக்கத்தில் கால் இருந்தது, தாங்கிக்கொண்டது. இடப்பக்கத்தில் தாங்க அவர்தான் இருந்தார்.

பவுனு தூக்கிப் பார்த்தாள். அவள் ஒருத்தியால் தூக்கக்கூடிய கனமா அது? அவர் தலையைக் கொஞ்சம் திருப்பி, முகத்துக்குப் பக்கத்தில் நொறுங்கிக் கிடந்த பெட்டியைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். கண்டுபிடித்துத்தான் பார்த்தாரா, வெறுமனே பார்த்தாரா என்று இனி கேட்க வழியில்லை. அவள் ரோட்டுக்கு ஓடி முத்துராஜாவைக் கூட்டி வருவதற்குள் கண் மட்டும்தான் திறந்திருந்தது.

வந்த எஸ்.ஐ. வயசானவர். டிரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து ஜாக்கியைப் பார்த்தார். சுவரோரத்துத் தார்ப்பாய்ப் பக்கம் கண்ணை ஓட்டினார்.

"அது என்ன?"

"மருந்தடிக்கிற மிசினு சார்" என்றான் கர்ணன்.

"இம்புட்டு நீளத்துலயா?"

"வெளிநாட்டு மாடலு சார்."

எஸ்.ஐ. பாயைத் தூக்கிப் பார்க்காமல் திரும்பினார். அவருடைய வீட்டு மோட்டாருக்கும் ஈஸ்வரபாண்டிதான் காயில் கட்டியிருப்பாரோ என்னவோ. பவுனுவிடம் வந்து, "நீ பாத்தியாம்மா?" என்று கேட்டார்.

"பாத்தேன் சார். அவுக அடியில படுத்துப் பட்டையக் கழட்டிக்கிட்டு இருந்தாக. ஜாக்கி நழுவிருச்சு. டிரெய்லரு சாஞ்சிருச்சு."

"நீ எங்கன நின்ன?"

"அந்தா அங்கன."

குரல் நடுங்கவில்லை. எழுதி நீட்டிய காகிதத்தில் பவுனுத்தாய் என்று கையெழுத்துப் போட்டாள். எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "நல்ல மனுசன்மா" என்றார். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

உச்சி நேரத்துக்கு ஆம்புலன்ஸ் வந்தது. உள்ளே அப்பாவின் காலடியில் சிம்ரன் உட்கார்ந்திருந்தாள். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். ராத்திரி பஸ் பிடித்து நேரே கம்பத்துக்கே போய்விட்டாள். ஊரில் எல்லோரும் விமானத்தைப் பார்த்துச் சிரித்தபோது சிரிக்காதவள் அவள் ஒருத்திதான். அவளே படம் வரைந்து அனுப்புவாள், அளவு சொல்லுவாள், தப்பு கண்டுபிடிப்பாள். தகப்பனும் மகளும் போனில் பேச ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும்.

பந்தலில் கிடத்தினார்கள். சொந்தக்காரப் பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். சிம்ரன் அழவில்லை. அப்பாவின் வலது கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நகத்துக்குள்ளும் விரல் ரேகையிலும் கிரீஸ் கறுப்பாக இருந்தது. எழுந்து உள்ளே போய்த் தேங்காய் எண்ணெயும் கொஞ்சம் சீனியும் கொண்டு வந்தாள். உள்ளங்கையில் வைத்து மெதுவாகத் தேய்த்தாள். வேலை முடித்து வந்ததும் அவர் கை கழுவுகிற முறை அது. பவுனு இன்னொரு கையை எடுத்துக்கொண்டாள்.

"டிரெய்லராம்மா?" மகள் குனிந்த தலை நிமிராமல் கேட்டாள்.

பவுனு தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"மூணு அம்பத்தேழுக்கு எனக்குப் போட்டோ அனுப்புனாக. வலது கால் மாட்டுன போட்டோ. நாலரைக்குள்ள டிரெய்லருக்கு அடியில போயிட்டாகளா? நம்மகிட்ட ஏதும்மா டிரெய்லரு?"

"சித்தப்பா சொல்றதக் கேளு. ஊருக்கு அப்படியே இருக்கட்டும்."

"ஊருக்கு இருக்கட்டும். அப்ப கால் மாட்டும்போதுதான்."

பவுனு தலையை அசைத்தாள். சிம்ரனின் கை நின்றுவிட்டது.

"நான்தாம்மா" என்றாள். "ஞாயித்துக்கெழம நான் வரும்போது அது ரெண்டு கால்ல நிக்கணும்னு சொன்னேன். நிக்கலன்னா நீங்க பைலட் இல்ல, வெறும் பம்ப்செட்டுன்னு சொன்னேன். சிரிச்சாக. அதுக்குத்தான் முத்துராஜா மாமா வர்றவரைக்கும்கூடப் பொறுக்காம அவசர அவசரமா… நான் வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல?"

"நீ இல்லடி" என்றாள் பவுனு. "நீ இல்ல. நான்…"

அடுத்த வார்த்தை தொண்டைக்கு வந்துவிட்டது. சத்தியமாக வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பண்ணைப்புரத்துச் சொந்தங்கள் வேனில் வந்து இறங்கி, வாசலிலிருந்தே மாரடித்துக்கொண்டு வந்தார்கள். "ஏ ஆத்தா, ஒன்னையத் தனியா விட்டுட்டுப் போயிட்டாகளே" என்று ஒருத்தி பவுனுவின் கழுத்தைக் கட்டிக்கொள்ள, இன்னொருத்தி தோளைப் பிடிக்க, பவுனு அவர்களோடு சேர்ந்து பெருங்குரலெடுத்து அழுதாள். அவ்வளவு சத்தமாக அவள் அதற்கு முன் அழவில்லை. அழுதது புருஷனுக்காகத்தான். ஆனால் அந்த வேன் இன்னும் ஐந்து நிமிஷம் கழித்து வந்திருக்கக் கூடாதா என்று அவள் நினைக்கவில்லை. சரியான நேரத்தில் வந்ததே என்றுதான் நினைத்தாள்.

குளிப்பாட்ட நீர்மாலை எடுத்தார்கள். கோடித்துணி போட்டார்கள். தெரு முனைவரை பெண்கள் போய் நின்று திரும்பினார்கள். மகன் இல்லாத வீடு, கர்ணன் கொள்ளிக்குடம் தூக்கினான். போகிற வழியெல்லாம் ஜனம் டிரெய்லரைப் பற்றியே பேசிக்கொண்டு போனதாம். ஜாக்கிக்குக் கீழே ஒரு கட்டை கொடுத்திருக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்களாம். பிளேன் என்ற பேச்சையே ஒருத்தரும் எடுக்கவில்லை. ஆறு வருஷம் சிரித்த ஊர், அன்றைக்கு ஒரு நாள் சிரிக்கவில்லை. அந்த மட்டுக்கும் கர்ணன் ஜெயித்தான்.

மறுநாள் காலையில் சுடுகாட்டுக்குப் போய்ப் பால் தெளித்துவிட்டு வந்தார்கள். வந்ததும் கர்ணன் வெட்டுகிற கிரைண்டரும் வயரும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனான். போலீஸ் இன்னொரு தடவை எட்டிப் பார்த்தால் வம்பு. துண்டு துண்டாக வெட்டினால் பழைய இரும்போடு இரும்பாகத் தேனிக்குப் போய்விடும். வண்டிக்குச் சொல்லிவிட்டான்.

தார்ப்பாயை உருவும் சத்தம் கேட்டுச் சிம்ரன் ஓடினாள். பவுனுவும் எழுந்தாள். "பதினாறு முடியாம வாசப்படி தாண்டாத ஆத்தா" என்று ஒரு கிழவி தடுத்தாள். பவுனு தாண்டினாள்.

"வெட்டாதீக சித்தப்பா."

"வெட்டாம? இத வச்சுக் கும்பிடவா சொல்ற?" கர்ணன் கத்தவில்லை. களைத்துப் போயிருந்தான். "இதப் பாக்கப் பாக்க எனக்கு வயிறு எரியுதும்மா."

சிம்ரன் கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒற்றைக் காலில், ஒரு பக்கம் சாய்ந்து, ஸ்டாண்டில் முட்டிக்கொண்டு கிடந்தது. இடப்பக்கத்துக் கால் தரையில் தனியாகக் கிடந்தது.

"வெட்டுங்க. நான் வேணாங்கல" என்றாள். "அந்தக் கால மட்டும் மாட்டீட்டு வெட்டுங்க. அப்பா ஒரு தடவைகூட இது நின்னு பாக்கல. நான் பாக்கணும். ஒரே ஒரு தடவ நிக்கட்டும்."

கர்ணன் பவுனுவைப் பார்த்தான். பவுனு முத்துராஜாவைப் பார்த்தாள். முத்துராஜா போய் மூன்று இரும்புக் குழாயும் கனம் தூக்குகிற செயின் பிளாக்கும் கொண்டு வந்தான். குழாய்களை முக்காலியாக நிறுத்தி, உச்சியில் செயினை மாட்டி, கூட்டின் மூக்கில் கயிறு கட்டி மெல்ல மெல்லத் தூக்கினான். செயின் கடகடவென்று ஓட, சாய்ந்து கிடந்த கூடு நேராக நிமிர்ந்து ஆடாமல் அந்தரத்தில் தொங்கியது.

சிம்ரன் மொபைல் டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் படுத்தாள். அப்பா படுத்திருந்த மாதிரியே மல்லாந்து. பவுனு குனிந்தாள். "வேணாம்டி, வெளிய வா" என்றாள். மகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"மாமா, கால உள்ள தள்ளுங்க. அம்மா, நீ சக்கரத்தப் புடிச்சுக்க. கொஞ்சம் மேல. மேல. நிறுத்து."

பவுனு சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அடியிலிருந்து, "என்ன மாமா இது?" என்றாள் சிம்ரன்.

"என்னம்மா?"

"போல்ட்டு கையிலயே போகுது. தட்டவே வேணாம். அரை நூல் தள்ளியிருக்குன்னு அப்பா மெசேஜ் போட்டாக. தேய்ச்சுக்கிட்டு இருக்கேன்னு போட்டாக. இங்க ரெண்டு ஓட்டையும் நேரா நிக்குதே."

முத்துராஜா குனிந்து பார்த்தான். விரலை விட்டுத் தடவினான். உச்சுக்கொட்டினான்.

"ஓட்டையில கோளாறே இல்லம்மா. தூக்கி வச்சிருந்ததுலதான் கோளாறு. பொட்டி அமுங்க அமுங்கக் கூடு முறுக்கிக்கிட்டு நின்னுருக்கு. அதான் ஓட்டை சேரல. அது தெரியாம அண்ணன் சுத்தியலப் போட்டிருக்காரு. நல்ல கட்டை வச்சிருந்தா இந்நேரம் உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருப்பாரு."

"என்ன பொட்டி?"

"பழைய பழப்பொட்டிம்மா. வெயில்ல கெடந்து வெளுத்தது. தொட்டாலே பொரிஞ்சு போற பொட்டி. நான்தான் ஒதுக்கிவிட்டேன்."

போல்ட்டில் நட்டைப் போட்டு முறுக்குகிற சத்தம் கேட்டது. இரண்டாவது போல்ட்டு. மூன்றாவது. பவுனு சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். மகள் இப்போது கேட்பாள் என்று தெரிந்தது. கேட்டால் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். நான்தான்டி எடுத்துக் கொடுத்தேன், வெயிலில் கிடந்ததா என்று கேட்டார், இல்லை என்றேன். அவ்வளவுதானே. நாலு வார்த்தை. சொன்னால் மகளின் தலையிலிருந்து அந்தப் பாரம் இறங்கும். சொன்ன பிறகு மகள் எப்படிப் பார்ப்பாள் என்பதையும் அவள் நினைத்தாள். இனி இந்த வீட்டில் அவளைப் பார்ப்பதற்கு இருக்கிற கண் அது ஒன்றுதான்.

நாலாவது போல்ட்டும் ஏறியது.

"அம்மா. அந்தப் பொட்டிய யாரு எடுத்தா?"

"அவுகளேதான் எடுத்தாக" என்றாள் பவுனு.

"நீ பாக்கலயா?"

"நான் அடுப்படியில இருந்தேன். கூரையிலருந்து அவுகளே இழுத்துப் போட்டாக. வேணாம், வெயில்ல கெடந்ததுன்னு சொன்னேன். கேக்கல."

கேட்காமலே அந்தக் கடைசி வார்த்தைகளும் வந்தன. போலீஸுக்குச் சொன்னதைவிட இது சுலபமாக வந்தது.

சிம்ரன் அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்தாள். முதுகெல்லாம் மண். முகம் வேறு மாதிரி ஆகியிருந்தது.

"நீ சொல்லியும் கேக்கலயா?"

பவுனு சக்கரத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

"எனக்கு என்னா சொல்லுவாக தெரியுமா? அடியில படுக்குறதுக்கு முன்னாடி மேல இருக்குறத மூணு தடவ பாரும்பாக. மூணு தடவ! ஊருக்குத்தான் உபதேசமா?" குரல் உடைந்தது. இரண்டு நாளாக வராத அழுகை இப்போது கோபமாக வந்தது. "நான் ரெண்டு நாளா என்னையவே போட்டு அறுத்துக்கிட்டு இருக்கேன். சும்மா சொன்ன ஒரு வார்த்தைக்கு எங்கப்பனக் கொன்னுட்டேன்னு. இவுகளுக்கு என்ன, உசுருன்னா அம்புட்டு எளக்காரமா? நம்ம ரெண்டு பேரும் இருக்கோம்னு ஒரு நெனப்பு வேணாமா?"

"அப்பிடிச் சொல்லாதம்மா" என்றான் முத்துராஜா.

"எப்பிடிச் சொல்ல?"

துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று வீட்டைப் பார்த்து நடந்தாள். முத்துராஜா என்ன செய்வது என்று தெரியாமல் செயினை இறக்கினான். கடகடவென்று சத்தம். இரண்டு சக்கரமும் மண்ணைத் தொட்டன. கனம் இறங்க இறங்கக் கால்கள் இரண்டும் பக்கவாட்டில் கொஞ்சம் விரிந்து, லேசாக முனகி, ஓர் இடத்தில் நின்றன. அவன் கயிற்றை அவிழ்த்தான். கூடு மூக்கை நிமிர்த்திக்கொண்டு, யாரும் பிடிக்காமல், தானாக நின்றது.

"நிக்குதுக்கா" என்றான். வீட்டுப் பக்கம் திரும்பி, "ஏ சிம்மு, வந்து பாருத்தா, நிக்குது" என்று சத்தம் கொடுத்தான்.

அவள் திரும்பவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"நான் போய்க் கூட்டியாரட்டா?"

"வேணாம் முத்துராஜா" என்றாள் பவுனு. "வர மாட்டா."

அவள் சக்கரத்தைப் பிடித்த கையை அப்போதுதான் எடுத்தாள். கூடு அசையவில்லை. கர்ணன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். "செஞ்சிருக்காரு மனுசன்" என்று தனக்குள் சொன்னான். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கிரைண்டர் வயரை இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் சொருகினான். பலகையில் ஏழெட்டுச் சுவிட்சு. எதற்கு எது என்று ஈஸ்வரபாண்டி எழுதி வைக்கவில்லை. கர்ணன் ஒன்றைப் போட்டான், விளக்கு எரிந்தது. இன்னொன்றைப் போட்டான், ஃபேன் சுற்றியது.

"மதினி, இதுக்கு எந்தச் சுவிட்சு?"

பவுனு நடந்து போய், கீழ் வரிசையில் கடைசியில் இருந்ததைப் போட்டாள்.